ஆந்தைப் படிப்புக்கு இடம் தேடிய கதை

நான் வேலை பார்த்த கல்லூரியில் இப்போது மேற்படிப்பு வழிகாட்டு மையம் என்று ஒன்று திறக்கப் போகிறார்களாம். கண்ணாடிக் கதவு, கம்ப்யூட்டர், சுழல் நாற்காலி எல்லாம் வந்து இறங்கிவிட்டன. திறப்பு விழா மலருக்குக் கட்டுரை கேட்டு அலுவலகத்துப் பிள்ளைகள் இருவர் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"நம்ம காலேஜுல முதன்முதலா கைடன்ஸ் குடுத்தது நீங்கதானாம் சார். வெளிநாட்டு யூனிவர்சிட்டிக்கெல்லாம் எழுதி ஒருத்தருக்கு ஸீட்டு வாங்கித் தந்தீங்களாமே?" என்றாள் அந்தப் பெண்.

சமையலறையில் காப்பி கலந்துகொண்டிருந்த என் மனைவி அங்கிருந்தபடியே சிரித்தாள். அவள் ஏன் சிரித்தாள் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தட்டச்சராகச் சேர்ந்து அலுவலகக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். பி.யூ.சி.யில் கணக்கு என்னைக் கைவிட்டதும் ஆரணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, சைக்கிள் கடை மாடியில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டேன். லோயர் ஒரே தடவையில், ஹையர் இரண்டாவது தடவையில். அப்பா ஒரு பட்டுக் கடையில் கணக்கெழுதினார். கடை முதலாளி கல்லூரி நிர்வாகக் குழுவில் இருந்தார். என் பயிற்சியும் தகுதியும் இவ்வளவுதான். கையில் வேகம் இருந்தது. பிழையைப் பற்றிக் கவலைப்படாத வேகம்.

எனக்கும் சேர்த்து அந்தக் கவலையைப் பட்டவர் அன்றைய கண்காணிப்பாளர் வேதாசலம் சார். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, வெயிலோ மழையோ கையில் குடை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும், அவ்வளவுதான். சாதாரண நாளில் "சம்பந்தம், இதப் பாரு" என்பார். தப்பு கண்ணில் பட்டால் "சம்பந்தம், கொஞ்சம் வாங்க" என்பார். பெரிய தப்பு என்றால் "உக்காருங்க சம்பந்தம். காப்பி சொல்லட்டுங்களா?" என்பார். அவர் எனக்குக் காப்பி வாங்கித் தந்த நாட்களெல்லாம் என் பணிக்காலத்தின் மோசமான நாட்கள்.

டைப் அடித்த தாளைப் படிப்பதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. கடைசி வரியின் கடைசி வார்த்தையில் சிவப்புப் பென்சிலை வைத்து, ஒவ்வொரு வார்த்தையாகப் பின்னோக்கித் தொட்டுக்கொண்டே மேலே ஏறுவார். "மேலருந்து படிச்சா அர்த்தம் நம்மள இழுத்துகினு போயிடுங்க. கண்ணு ஏமாந்துடும். கீழருந்து வந்தா ஒவ்வொரு வார்த்தையும் தனியா நின்னு மூஞ்சியக் காட்டும்" என்பார். மேலே போய்ச் சேர்ந்த பிறகு ஒருமுறை மேலிருந்து கீழே படிப்பார். அது அர்த்தத்துக்கு.

ஸ்டென்சில் என்றால் இன்னும் கடுமை. மெழுகு பூசிய அந்தத் தாளில் எழுத்துகள் துளையாக விழும். அதை உருளையில் மாட்டி மை தடவிச் சுற்றினால் வேண்டிய பிரதிகள் வந்துகொண்டே இருக்கும். பிழை இருந்தால் பிழையும் வந்துகொண்டே இருக்கும். அதனால் ஸ்டென்சிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். பிழை மேல் ஒரு சிவப்புத் திரவத்தைத் தடவி, ஊதிக் காயவைத்து, அதே இடத்தில் நான் மறுபடி தட்ட வேண்டும். என் மூச்சுக்காற்றில் பாதி அந்த ஜன்னல் ஓரத்தில்தான் செலவானது.

அவர் பென்சில் படாமல் எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு தாளும் வெளியே போனதில்லை. ஒரே ஒரு தடவை போனது. அது என் புண்ணியம்.

விலங்கியல் துறையில் தணிகாசலம் என்று ஒருவர் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தார். செய்முறை வகுப்பில் மாணவர்களுக்குத் தவளையை அறுத்துக் காட்டும் வேலை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். தெள்ளார் பக்கத்தில் கூலி வேலை செய்து பிழைத்த குடும்பத்தில், பி.எஸ்ஸி. வரை வந்த முதல் ஆள். வேலை நிரந்தரம் இல்லை. வருஷா வருஷம் புதுப்பிக்கும் உத்தரவை நான்தான் அடிப்பேன். அதை வாங்கும்போது "தாங்ஸ் சார்" என்பார். மற்றபடி வருஷம் முழுக்க அவர் பேசிக் கேட்டவர்கள் குறைவு.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் மாலை, அலுவலகம் முடியும் நேரத்தில் அவர் என் மேஜை முன்னால் வந்து நின்றார். கையில் ஓர் ஆங்கிலப் பத்திரிகை. செய்முறைத் தேர்வு நடத்த மெட்ராஸிலிருந்து வந்த யாரோ விட்டுப் போனது. ஒரு கட்டுரையில் இரண்டு வார்த்தைகளுக்குக் கீழே கோடு போட்டிருந்தார். கன்சர்வேஷன் பயாலஜி.

"டைப்பிஸ்ட் சார், இத எங்க சொல்லித் தர்றாங்கன்னு தெரியணும்."

"இது இன்னா படிப்பு?"

"ஒரு பிராணி ஏன் கொறஞ்சிகினே போவுது, அத எப்படி அழியாம வெச்சிக்கறது… அத்தப் பத்தி."

அவரிடமிருந்து அத்தனை பெரிய வாக்கியம் வந்ததே எனக்கு மயக்கமாக இருந்தது. "இவ்ளோதானே? ஒரு வாரத்துல கண்டுபுடிச்சிடலாம் சார்" என்றேன். பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் அடிக்கிறவன் நான். அவற்றை நடத்துகிறவனே நான்தான் என்று ஒரு நினைப்பு அப்போது எனக்கு இருந்தது.

கன்சர்வேஷன் என்ற சொல்லை நான் எங்கோ பார்த்திருந்தேன். யோசித்ததில் நினைவு வந்துவிட்டது. வேலூரில் ஓர் அரசு அலுவலகத்துப் பெயர்ப் பலகை! மறுநாளே அவரை வேலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். மாலையில் திரும்பி வந்தார்.

"இன்னா சார், சொன்னாங்களா?"

"சொன்னாங்க சார். வரப்பு எப்படிப் போடறதுன்னு." ஒரு துண்டுப் பிரசுரத்தை நீட்டினார். நான் அனுப்பியது மண் அரிப்பைத் தடுக்கும் அலுவலகத்துக்கு.

அடுத்து ஒரு கால்நடைக் கல்லூரிக்கு அனுப்பினேன். மாட்டுக்கு ஊசி போட ஆசையா என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். விலங்கியல் துறைத் தலைவரோ, "இந்தியாவுல அப்படி ஒரு பாடமே இல்லய்யா. காட்டு இலாகாவுல சேரணும்னா பரீட்சை இருக்கு, அதுக்கும் உனுக்கு வயசு தாண்டிப்போச்சி" என்றார். தணிகாசலம் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. நான் சொன்ன இடத்துக்கெல்லாம் போனார், வந்தார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

கொசப்பாளையத்தில் அவர் குடியிருந்த வீட்டுக்குப் போன பிறகுதான் விஷயம் விளையாட்டில்லை என்று எனக்குப் புரிந்தது. அவர் மனைவி செல்வி வாசலையொட்டி ராட்டையில் உட்கார்ந்து, நெசவுக்காரர்களுக்காகப் பட்டு நூலைத் தார்க்குச்சிகளில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஜன்னல் மேடையில் கறுப்பு உருண்டைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. கொழுக்கட்டை அளவு.

"இன்னாம்மா இது?"

"அவரக் கேளுங்க சார். ஆந்த கக்கனதாம். பட்டு நூலு ஒரு பக்கம், இது ஒரு பக்கம். நூலுல எலி முடி ஒட்டிகினா, நூலு குடுக்கற சேட்டு என்னத் தொலச்சிடுவாரு."

தணிகாசலம் விளக்கினார். சேத்துப்பட்டு ரோட்டில் ஒரு ரைஸ் மில்லில், பழைய கிடங்குச் சுவரின் உச்சியில் ஒரு ஓட்டை. அதில் ஒரு ஜோடி வெள்ளை ஆந்தை. இரையை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். அதைப் பொறுக்கி வந்து, ஊறவைத்துப் பிரித்து, மண்டையோட்டை எண்ணினால் அது எதைத் தின்றது என்று தெரிந்துவிடும். ஆந்தை குறைந்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். இதை யாரும் சொல்லாமல், யாருக்கும் சொல்லாமல், அவர் பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தார்.

"நானும் கேட்டுட்டேன் சார். இத்த வுட்டுத் தொலைன்னா கம்முனு குந்திகினு இருக்காரு. சரி, படிக்கறதுன்னா எங்கனா போயி ஒழுங்கா படிச்சிட்டாவது வாங்கன்னேன்" என்றாள் செல்வி. பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு அவரை என்னிடம் துரத்தியது அவள்தான்.

மெட்ராஸில் ஒரு வெளிநாட்டுத் தூதரக நூலகத்தில் எல்லாப் பல்கலைக்கழகங்களின் விவரமும் இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். இருவரும் போனோம். என் வாழ்க்கையில் நான் நுழைந்த முதல் ஏ.சி. அறை அது. அங்கிருந்த அம்மா தடித்தடியாக விவரத் தொகுப்புகளை எடுத்துத் தந்தார். தணிகாசலம் பக்கம் பக்கமாகப் புரட்டி, காட்டுயிர் சம்பந்தமாக ஏதாவது சொல்லித்தரும் இடங்களின் முகவரிகளைக் குறித்துக்கொண்டார். நான் உதவிக்குப் போனவன். குளிர்ச்சியில் தலையை மேஜைமேல் வைத்து அருமையாகத் தூங்கிவிட்டேன். நூலகம் மூடும்போது அந்த அம்மாதான் எழுப்பினார்.

அந்தக் குற்ற உணர்ச்சியில், கடிதம் முழுவதும் என் பொறுப்பு என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டேன். ஒரு டஜன் முகவரிகள். ஒவ்வொன்றாக அடிப்பானேன்? ஒரே ஸ்டென்சில் வெட்டி, பிரதி எடுத்து, முகவரியை மட்டும் தனியே அடித்தால் போதுமே. வேதாசலம் சார் வீட்டுக்குப் போகும்வரை காத்திருந்து உட்கார்ந்தேன். முதல் பத்தி என்னுடையது. பணிவும் வணக்கமும் தலைவணங்கலும் நிறைந்தது. இரண்டாவது பத்தி ரைஸ் மில் ஆந்தையைப் பற்றி, தணிகாசலம் சொல்லச் சொல்ல அடித்தது. வெட்டி முடித்ததும் மேலிருந்து கீழே ஒருமுறை படித்தேன். அர்த்தம் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. தபாலில் சேர்த்துவிட்டோம்.

இரண்டு மாதம் கழித்துப் பதில்கள் வரத் தொடங்கின. "மன்னிக்கவும்" என்று சில. ஒன்று மட்டும் தடிமனாக வந்தது. தணிகாசலம் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு என் மேஜையில் வைத்தார்.

"சார், பேச்சு கத்துக்கச் சொல்றாங்க."

மேடைப் பேச்சு, கலந்துரையாடல், பழகும் கலை ஆகியவற்றைச் சொல்லித்தரும் துறையின் விவரப் புத்தகம் அது. ஆரணியிலேயே குறைவாகப் பேசும் மனிதருக்கு! எனக்குச் சந்தேகம் தட்டியது. மிச்சமிருந்த பிரதியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். 'கன்சர்வேஷன் பயாலஜி' படிக்க விரும்புவதாக அடிப்பதற்குப் பதிலாக 'கன்வர்சேஷன் பயாலஜி' படிக்க விரும்புவதாக அடித்திருந்தேன். உயிரினங்களைக் காப்பாற்றும் படிப்பு, உயிரினங்களோடு உரையாடும் படிப்பாகி ஒரு டஜன் பல்கலைக்கழகங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

மறுநாள் காலை என் பெயர் கேட்டது.

"உக்காருங்க சம்பந்தம். காப்பி சொல்லட்டுங்களா?"

வேதாசலம் சார் மேஜையில் அந்தப் பிரதி. குப்பைக் கூடையிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். நான் எதிரே உட்கார்ந்திருக்க, கடைசி வார்த்தையில் பென்சிலை வைத்தார். மெல்ல மெல்ல மேலே ஏறினார். இரண்டாவது பத்தி முழுவதும் ஏறியும் பென்சில் நிற்கவில்லை. முதல் பத்தியில் ஏறி, அந்த வார்த்தையில் வந்து நின்றது. காப்பி வந்தது. நான் குடிக்கவில்லை.

"இது எத்தினி போச்சிங்க?"

சொன்னேன்.

"ரெண்டாவது பத்தி தணிகாசலம் எழுதினதுங்களா?"

"ஆமா சார்."

"அது நல்லா இருக்குதுங்க." பென்சிலைக் கீழே வைத்தார். "இனிமே இந்த விஷயத்துல எது போனாலும் என் டேபிள் மேல வந்துட்டு போவட்டும்."

திட்டுக்குக் காத்திருந்த எனக்கு, அவரும் இதில் சேர்ந்துகொண்டார் என்பது புரியவே அன்று மதியம் ஆகிவிட்டது.

அதே வாரம் இன்னொரு கடிதம் வந்தது. கையால் எழுதியது. குளிர் நாடொன்றில் வேலை பார்த்த ஒரு பேராசிரியை அனுப்பியிருந்தார். உங்கள் முதல் பத்தி எனக்குப் புரியவில்லை, இரண்டாவது பத்தியை மூன்று முறை படித்தேன் என்று தொடங்கி, உருண்டைகளை எப்படிச் சேகரிக்கிறீர்கள், மண்டையோடுகளை எதை வைத்து அடையாளம் காண்கிறீர்கள், மழைக்காலத்திலும் கோடையிலும் இரை மாறுகிறதா என்று கேள்விமேல் கேள்வி. ஒரு வருஷத்துக் கணக்கு இருந்தால் அனுப்புங்கள், பிறகு படிப்பைப் பற்றிப் பேசலாம் என்று முடித்திருந்தார். தணிகாசலம் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். வாரம் தவறாமல் மில்லுக்குப் போய் உருண்டை பொறுக்கினார்.

பாதி வருஷம் ஓடியிருக்கும். ஒருநாள் காலை அவர் ஓட்டமும் நடையுமாக அலுவலகத்துக்குள் வந்தார்.

"சார், ஓட்டய சிமெண்ட் வெச்சி அடைக்கப் போறாங்க. நாளைக்கி. உள்ள குஞ்சு இருக்குது."

மில் முதலாளி கோதண்டத்தின் அண்ணனுக்கு உடம்பு சரியில்லையாம். ஆந்தை கத்துவதால்தான் என்று வீட்டில் யாரோ சொல்லிவிட்டார்கள். தணிகாசலம் இரண்டு மூன்று தடவை வாயைத் திறந்து மூடினார். அவரால் முதலாளியிடம் போய்ப் பேச முடியாது என்று தெரிந்தது. "நீங்க கம்முனு இருங்க சார். பேசறத என்கிட்ட வுடுங்க" என்றேன்.

கோதண்டம் களத்தில் நெல் காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் நாற்காலி போடச் சொன்னார். உட்கார்ந்தேன். தணிகாசலம் பக்கத்தில் நின்றார்.

"முதலாளி, வெளிநாட்டுல இருக்கற பெரிய பெரிய யூனிவர்சிட்டில எல்லாம் உங்க மில்லப் பத்திதான் பேசிகினு இருக்காங்க" என்று ஆரம்பித்தேன்.

அவர் முகம் மலர்ந்தது. "நெசமாவா? இன்னான்னு?"

"உங்க மில்லுல எவ்ளோ எலி இருக்குதுன்னு."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது.

"எலியா? எம் மில்லுல எலி இருக்குதுன்னு வெளிநாட்டுக்கு எழுதிப் போட்டீங்களா? மெட்ராஸ் மண்டிக்காரன் காதுல இது வுழுந்தா எவன்யா எங்கிட்ட அரிசி வாங்குவான்?"

"இல்லீங்க முதலாளி, ஆந்த அந்த எலிங்கள எல்லாம்…"

"எழுந்திரிய்யா! சாவுக்குருவியும் வாணாம், உங்க படிப்பும் வாணாம். நாளைக்கின்றது இன்னா, இன்னிக்கே அடைக்கச் சொல்றேன்."

சமாளிக்கப் பார்த்தேன். ஆந்தை லட்சுமியின் வாகனம் என்று எங்கோ படித்ததைச் சொன்னேன். "அப்டின்னா உங்க வூட்ல கொண்டுபோயி வெச்சிக்க" என்றார். தணிகாசலம் என்னவோ சொல்ல வாயெடுத்தார். நான் பேசிக்கொண்டிருந்ததில் அது அமுங்கிப்போனது. கொத்தனாரைக் கூட்டிவர ஆள் போனதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினோம். வழி நெடுக அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நான் சைக்கிள் மணியைப் பார்த்தபடியே மிதித்தேன்.

வேதாசலம் சார் முழுவதையும் கேட்டார். எழுந்தார், குடையை எடுத்தார். "வாங்க போவலாம்" என்றார். படியிறங்கும்போது திரும்பி, "சம்பந்தம், நீங்களும் வாங்க. ஆனா பேசாதீங்க" என்றார்.

மில்லில் கொத்தனார் சிமெண்ட் குழைக்கத் தொடங்கியிருந்தார். வேதாசலம் சாரைக் கண்டதும் கோதண்டம் கோபத்தை அடக்கிக்கொண்டு வணக்கம் சொன்னார். இரண்டு நாற்காலிகள் வந்தன. வேதாசலம் சார் உட்காரவில்லை. அண்ணனின் உடல்நிலையை விசாரித்தார், புழுக்கலுக்கு எந்த நெல் வருகிறது என்று கேட்டார், நின்றபடியே. நாங்கள் மூன்று பேர் வந்திருக்கிறோம் என்பது கோதண்டத்துக்கு உறைத்து, மூன்றாவது நாற்காலி வந்தது. தணிகாசலம் உட்கார்ந்தார். அதன் பிறகுதான் வேதாசலம் சார் உட்கார்ந்தார். காலையில் நான் முதல் ஆளாக உட்கார்ந்துவிட்டிருந்தேன். தணிகாசலம் நின்றுகொண்டிருந்தது என் கண்ணில்கூடப் படவில்லை.

"தணிகாசலம், நீங்க எண்ணினது எந்த எலிங்க?" என்று கேட்டார்.

"வயலெலி சார். வரப்புல வளை தோண்டறது. அப்புறம் சுண்டெலி. கொஞ்சம் பெருச்சாளிக் குட்டி."

"மில்லுக்குள்ள இருக்கற எலி?"

"ரொம்பக் கம்மி சார். அதோட பல்லு வேற மாதிரி இருக்கும், பார்த்தாலே தெரிஞ்சிடும்." கைக்குட்டையை விரித்து இரண்டு சின்ன மண்டையோடுகளைக் காட்டினார். கோதண்டம் குனிந்து பார்த்தார். "ஆந்த இங்க தங்கறதுதான். எர தேடறது வெளிய. பின்னாடி இருக்கற வயல்ல."

"பின்னாடி வயலா? அது என் வயலுய்யா!"

"ஆமாங்க."

"அப்ப எம் மில்லு சுத்தம்ன்றியா?"

"அப்டித்தான் எழுதியிருக்கேங்க."

"இத்தக் காலையிலயே சொல்றதுக்கு இன்னா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிமெண்டைப் பார்த்தேன்.

கோதண்டத்துக்கு ஒரு சங்கடம் மட்டும் மிச்சம் இருந்தது. "எல்லாம் சரிதாங்க. ஆனா சாவுக்குருவியாச்சே. அது கத்துனா…"

"அது கத்தும்போதெல்லாம் ஒருத்தர் போயிருந்தா, இன்னேரம் ஆரணில நாம நாலு பேருகூட மிஞ்சியிருக்க மாட்டோமுங்க" என்றார் வேதாசலம் சார்.

கோதண்டம் சிரித்துவிட்டார். குழைத்த சிமெண்டை நெல் ஊறவைக்கும் தொட்டிக்குப் பூசச் சொன்னார். எங்களை வழியனுப்பும்போது குரலைத் தாழ்த்தி, "வூட்ல மட்டும் யாரும் ஆந்தன்னு சொல்லிடாதீங்க. புறான்னு சொல்லிக்கறேன்" என்றார்.

வருஷம் முடிந்தது. தணிகாசலம் கணக்கைத் தொகுத்தார், நான் அடித்தேன், வேதாசலம் சார் கீழிருந்து மேலே ஏறினார். பேராசிரியைக்கு அனுப்பினோம். பதில் சீக்கிரமே வந்தது. வேலை அருமை, ஆனால் இந்த வருஷம் உதவித்தொகை தர வழியில்லை என்று வருத்தத்தோடு எழுதியிருந்தார். பிறகு இன்னொரு செய்தி. உங்கள் ஊருக்குத் தெற்கே காவிரிப் பக்கம் ஒரு கல்லூரியில் காட்டுயிர் பற்றிய முதுகலைப் படிப்பைச் சமீபத்தில் தொடங்கியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அங்கே பாடம் நடத்திவிட்டு வந்தார். அங்கே ஏன் முயற்சி செய்யவில்லை என்று கேட்டிருந்தார்.

உலக வரைபடத்தில் பாதிக்குக் கடிதம் போட்டுவிட்டேன். காலையில் ஆரணியில் பஸ் ஏறினால் சாயங்காலம் போய்ச் சேர்ந்துவிடும் ஊர், குளிர் நாட்டில் இருக்கும் ஓர் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. இதுதான் அந்தப் பிள்ளைகள் சொல்லும் 'கைடன்ஸ்'.

நேர்முகத் தேர்வுக்குத் துணையாகப் போனேன். வெளியே மரத்தடியில் காத்திருந்தேன். மற்றவர்கள் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தார்கள். தணிகாசலம் உள்ளே போனவர் வரவேயில்லை. பேச வராமல் நிற்கிறாரோ என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அவர் மேஜைமேல் மண்டையோடுகளைப் பரப்பி வைத்திருந்தார். தேர்வாளர்கள் நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவரைச் சுற்றி நின்றார்கள். நான் மரத்தடிக்குத் திரும்பி, ஒரு நிம்மதியோடு கடலை வாங்கித் தின்றேன்.

இடம் கிடைத்தது. ஆனால் தற்காலிக வேலைக்கு இரண்டு வருஷ விடுப்பு தர வழியில்லை. வேதாசலம் சார் விதிப் புத்தகங்களை எல்லாம் புரட்டிவிட்டு, தணிகாசலத்தைத் தேடி அவரே ஆய்வுக்கூடத்துக்குப் போய், "ரூல்ல எடமில்லீங்க. என்னால முடியல" என்றார். வேலையை விட வேண்டும். திரும்பி வந்தால் அது இருக்காது.

யோசித்து முடிவெடுக்கச் சொல்லலாம் என்று நான் கொசப்பாளையம் போனேன். உண்மையில், வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், எனக்கும் பாரம் குறையும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை. செல்வி ராட்டையை நிறுத்தவில்லை.

"தவள அறுக்கற வேலதானே சார்? போனா போவுது. ரெண்டு வருஷம் நானு சுத்தறேன். புள்ளைங்களப் பாத்துக்க எங்க அம்மாவ வந்து இருக்கச் சொல்லிட்டேன்."

தணிகாசலம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

அவர் புறப்பட்ட அன்று பஸ் ஸ்டாண்டுக்குச் செல்வி, பிள்ளைகள், வேதாசலம் சார், நான், எல்லோரும் போனோம். கோதண்டம் ஒரு பை அரிசியோடு வந்தார். தணிகாசலம் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தார். கண்டக்டர் விசில் கொடுக்கப் போகும் நேரத்தில் செல்வி என் பக்கம் திரும்பினாள்.

"டைப்பிஸ்ட் சார், ஒண்ணு கேக்கணும். இத்தப் படிச்சா இன்னா வேல கெடைக்கும்?"

நான் வேதாசலம் சாரைப் பார்த்தேன். அவர் குடையைப் பிரித்து மூடினார். ஜன்னலில் தணிகாசலம் என்னையே நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே படிப்பது என்று இத்தனை காலம் அலைந்த எங்களில் ஒருவருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

"தெரியும்" என்றாள் செல்வி. "உங்கள்ல ஒருத்தர்கூடக் கேட்டிருக்க மாட்டீங்கன்னு தெரியும். சரி வுடுங்க, ரெண்டு வருஷம் இருக்குது இல்ல, கேட்டுச் சொல்லுங்க."

பஸ் போய்விட்டது.

போனவர் சும்மா இருக்கவில்லை. தன் ஆராய்ச்சிக்கு மில் கணக்கு விடுபடக் கூடாது, சனிக்கிழமைதோறும் நான் உருண்டைகளைப் பொறுக்கி அனுப்ப முடியுமா என்று எழுதினார். முதல் சனிக்கிழமை, ஓட்டைக்குள் கிடந்த உருண்டைகளை எடுக்க ஏணி வைத்து ஏறினேன். ஓட்டைக்கு நேராக என் முகம் வந்ததும் உள்ளேயிருந்து தட்டு மாதிரி ஒரு வெள்ளை முகம் எட்டிப் பார்த்து, பாம்பு போலச் சீறியது. எப்படி இறங்கினேன் என்று தெரியாது. உமிக் குவியலுக்குள் இடுப்பு வரை புதைந்து கிடந்தேன். கோதண்டம் ஓடி வந்து தூக்கிவிட்டார். உமியை நான் தட்டிக்கொண்டிருக்க, அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். அடுத்த இரண்டு வருஷமும் முதலாளிதான் ஏறினார். நான் கீழே பை பிடித்தேன். அந்தப் பிள்ளைகள் சொல்லும் 'வழிகாட்டி' செய்தது இவ்வளவுதான்.

செல்வியின் கேள்விக்குப் பதில் வர நிறைய நாளானது. படிப்பு முடிந்து தணிகாசலம் மேற்கே மலைக்காட்டில் ஒரு ஆராய்ச்சித் திட்டத்தில் சேர்ந்தார். அது முடிந்ததும் இன்னொன்று. நடுவில் வேலையே இல்லாமல் சில மாதங்கள். அப்போதெல்லாம் அந்தத் தெருப் பக்கம் போக எனக்குத் துணிச்சல் வராது. நிரந்தர உத்தரவு வந்தபோது அவருக்குக் காதோரம் நரைத்திருந்தது.

அந்த வாரமே செல்வி ராட்டையை விற்றுவிட்டாள். பிள்ளைகளோடு பஸ் ஏறும் முன் சொல்லிக்கொண்டு போக அலுவலகத்துக்கு வந்தாள்.

"வேல கெடச்சிடுச்சி சார். காட்டுல போயி மரத்த அண்ணாந்து பாத்துகினு இருக்கறதாம். அதுக்கு மாசா மாசம் சம்பளம் தர்றாங்களாம்." சொல்லிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன் சார், அவரவிட நீங்கதானே இதுக்கு ஜாஸ்தி அலஞ்சீங்க? நீங்க ஏன் இத்தப் படிக்கப் போவல?"

"அதுக்கு ஏணி ஏறணுமேம்மா" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள்.